கையின் ஆழ்சிரை டாப்ளர் பரிசோதனை: எவ்வளவு நம்பலாம், எங்கே கேள்வி கேட்க வேண்டும்

ஒரு கை மட்டும் வீங்கி வலிக்கும்போது, அதன் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செய்யப்படும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையைப் பற்றிய மதிப்பீடு இது. மார்பில் கீமோ போர்ட் (புற்றுநோய் மருந்தைச் சிரைக்குள் செலுத்த, தோலுக்கடியில் வைக்கும் குழாயோடு கூடிய சிறு கருவி) பொருத்தப்பட்டிருந்த என் அக்காவுக்காக, முதலில் ஒரு ஸ்கேன் மையத்திலும் பின்னர் வேறொரு மையத்திலும் இதே பரிசோதனையை அருகில் இருந்து பார்க்க நேர்ந்தது. இரு இடங்களிலும் நல்ல கருவிகள்தான் இருந்தன. ஆனால் கிடைத்த விடைகள் நேர்மாறானவை. இந்தப் பரிசோதனையின் தரம் இயந்திரத்தைவிட அதைக் கையாள்பவர் காறை எலும்புக்கு அருகே எவ்வளவு பொறுமையோடு பார்க்கிறார் என்பதையும், பார்க்க முடியாததை அறிக்கையில் எவ்வளவு நேர்மையாக எழுதுகிறார் என்பதையும் சார்ந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆழ்சிரை இரத்த உறைவு என்றதும் பெரும்பாலோர் காலைத்தான் நினைக்கிறார்கள். அது நியாயமும்கூட, மொத்தத்தில் ஏறத்தாழ 4 முதல் 10 சதவீதம் மட்டுமே கையில் ஏற்படுகிறது. இருந்தாலும் கையில் உண்டாகும் உறைவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலைவிடக் குறைவாகவே நடந்தாலும், கையிலிருந்து பெயரும் உறைவும் நுரையீரலின் இரத்தக் குழாயை அடைக்கக்கூடியது. கவனிக்காமல் விட்டால் கை பல ஆண்டுகளுக்குக் கனத்தும் வீங்கியும் இருக்கக்கூடும். கையில் உறைவு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வெளிப்படையான காரணம் இருக்கும்: கீமோ போர்ட், பிக் லைன் (மேல்கைச் சிரை வழியே செலுத்தப்படும் நீண்ட குழாய்), டயாலிசிஸ் கதீட்டர், பேஸ்மேக்கர் வயர் போன்று சிரைக்குள் செலுத்தப்பட்ட ஏதோ ஒரு பொருள், அல்லது புற்றுநோய், பல சமயம் இரண்டும் சேர்ந்தே. மற்றவர்களில் ஒரு பகுதியினர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் இளைஞர்கள். நீச்சல், பளு தூக்குதல், பந்தெறிதல் என்று தோளை ஓயாமல் உழைக்க வைப்பவர்கள். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் சிரை திரும்பத் திரும்ப நசுங்கி, உட்சுவர் காயப்பட்டு, அங்கே உறைவு படிகிறது. 1875இல் ஜேம்ஸ் பேஜட்டும் 1884இல் ஷ்ரோட்டரும் விவரித்ததால் இந்த வகைக்கு பேஜட்-ஷ்ரோட்டர் நோய் என்று இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. ஜிம்முக்குப் போகும் இருபது வயதுப் பையனின் கை திடீரென்று வீங்கி நீலம் பாய்ந்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிடாமல் இருக்க, இந்த வகை ஒன்று உண்டு என்பதை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

இந்தச் சேவை ஸ்கேன் மேசையில் தொடங்குவதில்லை, மருத்துவரின் அறையிலேயே தொடங்கிவிடுகிறது. அக்காவைப் பார்த்த புற்றுநோய் மருத்துவர் முதலில் கேட்டதும் பார்த்ததும் மிகச் சில விஷயங்களே. சிரைக்குள் போர்ட் குழாய் இருக்கிறது, அதற்கு மதிப்பெண் ஒன்று. கையில் குறிப்பிட்ட இடத்தில் வலி இருக்கிறது, அதற்கு ஒன்று. விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் ஒரு கையில் மட்டும் இருக்கிறது, அதற்கு ஒன்று. இவற்றை அதே அளவுக்கு விளக்கக்கூடிய வேறு காரணம் இருந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். கான்ஸ்டன்ஸ் என்பவர் தலைமையிலான குழு 2008இல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தால் உறைவு இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், ஒன்றோ அதற்குக் குறைவோ வந்தால் வாய்ப்பு குறைவு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வாய்ப்பு குறைவாக இருப்பவர்களுக்கு, உறைவு கரையும்போது இரத்தத்தில் சேரும் ஒரு பொருளை அளக்கும் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை செய்து, அது இயல்பான அளவில் இருந்தால் ஸ்கேன் இல்லாமலேயே உறைவு இல்லை என்று முடிவு செய்துவிடலாம். 406 நோயாளிகளிடம் இந்த வழிமுறையைச் சோதித்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இவ்வாறு ஸ்கேன் தேவைப்படவில்லை. வழிமுறை முழுவதையும் கடந்து உறைவு இல்லை என்று அனுப்பப்பட்டவர்களில், பின்னர் உறைவு கண்டறியப்பட்டவர்கள் 0.4 சதவீதம் மட்டுமே.

அக்காவுக்கோ கணக்கு மூன்று. அந்த நிலையில் டி-டைமரைச் சார்ந்திருப்பதில் பயனில்லை என்று மருத்துவர் விளக்கினார். புற்றுநோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, தொற்று, கர்ப்பம் என்று பல காரணங்களால் அந்த அளவு உயர்ந்தே இருக்கும். உயர்ந்திருப்பதை வைத்து உறைவு உண்டு என்று சொல்ல முடியாது, இயல்பாக இருப்பதுதான் செய்தி சொல்லும். இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பரிசோதனையை ஏன் செய்யவில்லை என்று சொல்லும் மருத்துவரை நம்பி அடுத்த பரிசோதனைக்குப் போகலாம்.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் சற்று விலக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைக்கிறார்கள். ஜெல் தடவி, புரோப்பை (தோலின் மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் முனையை) குறுக்காக வைத்தால், முழங்கைக்கு மேலே திரையில் வட்டமான ஒரு தமனியும் அதன் இருபுறமும் ஒட்டினாற்போல் இரண்டு சிறிய சிரைகளும் தெரியும். பரிசோதிப்பவர் புரோப்பால் மெல்ல அழுத்துகிறார். இரண்டு சிரைகளும் சுவரோடு சுவர் ஒட்டி மறைகின்றன. தமனி மட்டும் வட்டமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தத்தை விட்டதும் சிரைகள் மீண்டும் திறக்கின்றன. அந்த இடத்தில் உறைவு இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. சிரைக்குள் கறுப்பாகத்தானே தெரிகிறது, அடைப்பு எதுவும் காணவில்லையே என்று பார்வையை மட்டும் நம்புவது ஆபத்து. புதிதாக உருவான உறைவு திரையில் ஓடும் இரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியக்கூடும். அழுத்தினால் மூடுகிறதா என்பதே கேள்வி. அதையும் ஓரிடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாமல், சிறு சிறு இடைவெளியில் அழுத்திக்கொண்டே அக்குள் வரை செல்ல வேண்டும்.

அக்குள் வரை இந்தப் பரிசோதனைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, மருந்து கிடையாது, வெறும் வயிற்றோடு வர வேண்டிய அவசியமும் கிடையாது. கர்ப்பிணிக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் தயக்கமின்றிச் செய்யலாம், நோயாளியை நகர்த்த முடியாவிட்டால் கருவியைக் கட்டிலுக்கே கொண்டு வரலாம். வலி என்று பார்த்தால், வீங்கிய இடத்தில் அழுத்தும்போது ஏற்படும் வேதனை மட்டுமே.

சிக்கல் அதற்கு மேலேதான். அக்குள் சிரை முதல் விலா எலும்பின் வெளி விளிம்பை எட்டியதும் சப்கிளேவியன் சிரையாகி, காறை எலும்புக்கு அடியில் புகுந்து, மார்பெலும்புக்குப் பின்னால் மற்ற பெரிய சிரைகளோடு சேர்கிறது. எலும்பை அல்ட்ராசவுண்ட் அலை ஊடுருவாது. எனவே சப்கிளேவியன் சிரையின் நடுப்பகுதி நிழலில் மறைந்துவிடுகிறது. தெரிகிற பகுதியையும் எலும்பு தடுப்பதால் அழுத்திப் பார்க்க முடிவதில்லை. கீமோ போர்ட்டும் பேஸ்மேக்கரும் உள்ளவர்களுக்கு உறைவு அதிகம் படிவது இந்தப் பகுதியில்தான் என்பது வேதனையான உண்மை. எங்கே தேட வேண்டிய அவசியம் மிகுதியோ, அங்கே இந்தப் பரிசோதனையின் முதன்மையான உத்தி பயன்படாமல் போகிறது.

அப்போது வேறு சான்றுகளைத்தான் நாட வேண்டும். இதயத்தின் துடிப்பும் மூச்சின் ஏற்ற இறக்கமும் பெரிய சிரைகளில் எதிரொலிப்பதால், அடைப்பில்லாத சப்கிளேவியன் சிரையின் டாப்ளர் அலைவரி மேலும் கீழுமாக அசைந்துகொண்டே இருக்கும். இதயத்தின் பக்கம் அடைப்பு இருந்தால் அந்த அசைவு எட்டாமல் அலைவரி தட்டையாகிவிடும். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை வெளியே கேட்கும் சத்தத்தை வைத்து அறிவது போன்ற வேலை இது. அனுபவமுள்ளவர் சரியாகவே அறிந்துவிடுகிறார். மூக்கால் சட்டென்று மூச்சை உறிஞ்சச் சொல்வதும் ஒரு நல்ல உத்தி. அடைப்பில்லாத சிரை அந்தக் கணத்தில் சுருங்கி மீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றக் கையையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு எது இயல்பு என்பதை அவருடைய நலமான பக்கத்தைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

முதல் மையத்தில் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. முழங்கையிலிருந்து அக்குள் வரை சரியாகவே அழுத்திப் பார்த்தார்கள். காறை எலும்புக்குக் கீழே, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் சிறிது நிறம் தெரிந்ததும் அதோடு முடித்துக்கொண்டார்கள். மற்றக் கையைத் தொடவே இல்லை. கழுத்துப் பக்கம் புரோப் போகவும் இல்லை. ஆழ்சிரைகள் இயல்பாக உள்ளன, உறைவு இல்லை என்று சில வரிகளில் அறிக்கை வந்தது. சப்கிளேவியன் சிரையின் எந்தப் பகுதி தெரிந்தது, எது தெரியவில்லை என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் வருந்துவது உறைவு தப்பியதற்காக அல்ல. கடினமான இடத்தில் அது யாருக்கும் தப்பலாம். பார்க்காத இடத்தையும் சேர்த்து இயல்பு என்று எழுதியதுதான் என்னால் ஏற்க முடியாதது. அந்தச் சொல்லை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால் அக்காவுக்கு மருந்து தொடங்கியிருக்காது.

மருத்துவர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. கணக்கு மூன்று என்றிருக்கும்போது, காறை எலும்புப் பகுதியைப் பற்றிப் பேசாத இயல்பு அறிக்கை போதாது என்று சொல்லி, இரத்தக் குழாய் ஸ்கேனில் பழக்கமுள்ள ஒரு ரேடியாலஜிஸ்ட்டிடம் (ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவரிடம்) அனுப்பினார். வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: சந்தேகம் வலுவாக இருந்து முதல் ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டால், டி-டைமரையோ, சில நாட்கள் கழித்து மறு ஸ்கேனையோ, சிரைகளைக் காட்டும் வேறு படப் பரிசோதனையையோ நாட வேண்டும்.

இரண்டாவது மையத்தில் அந்த ரேடியாலஜிஸ்ட் அக்காவின் நலமான கையிலிருந்துதான் தொடங்கினார். பிறகு வீங்கிய கைக்கு வந்து, கையை மிகவும் உயர்த்தி விலக்க வேண்டாம் என்று டெக்னீஷியனிடம் சொன்னார். அளவுக்கு மீறி விலக்கினால் காறை எலும்புக்கு அடியில் சிரை நசுங்கி, இல்லாத குறுக்கத்தை இருப்பதாகக் காட்டும் என்பதால். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வைப்பதற்கு நீண்ட புரோப்பை விட்டு, வளைந்த முகமுள்ள சிறிய புரோப்பை எடுத்துக்கொண்டார். “மூக்கை வேகமா ஒரு தடவை உறிஞ்சுங்கம்மா” என்றார். நலமான பக்கத்தில் சிரை சட்டென்று சுருங்கி விரிந்ததை நானே திரையில் பார்த்தேன். வீங்கிய பக்கத்தில் எத்தனை முறை உறிஞ்சினாலும் அசைவே இல்லை. அலைவரி தட்டையாக ஓடியது. புரோப்பை உள்நோக்கிச் சாய்த்ததும், போர்ட் குழாயின் இரண்டு இணையான வெள்ளைக் கோடுகளைச் சுற்றி மங்கலான சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சிரையை நிறைத்திருந்தது. அதுதான் உறைவு.

முதல் மையத்தில் தெரிந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரிய சிரை அடைபட்டால் இரத்தம் பக்கத்திலுள்ள சிறு சிரைகள் வழியே வழி தேடிக்கொள்ளும். அவற்றில் ஒன்று நன்றாகப் பெருத்துவிட்டால், அதையே சப்கிளேவியன் சிரை என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்றார். சிரை தன் தமனியை ஒட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அதைத் தவிர்க்கும் வழி. காறை எலும்புக்குக் கீழே இன்னொரு பொறியும் இருக்கிறது: நுரையீரலை மூடியிருக்கும் உறை அலையைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புவதால், சிரைக்குக் கீழே அதன் பிம்பம் இன்னொரு சிரையாகத் தெரியக்கூடும். ஒரு நோயாளியின் உறவினருக்கு இவ்வளவையும் நின்று நிதானமாகச் சொன்ன அந்த மருத்துவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் கொடுத்த அறிக்கையைப் போல எல்லா அறிக்கைகளும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கழுத்துச் சிரை, சப்கிளேவியன் சிரை, அக்குள் சிரை, மேல்கைச் சிரைகள், தோலடிச் சிரைகளான செபாலிக், பசிலிக் என்று ஒவ்வொன்றின் பெயரும் தனித்தனியே இருந்தது. எது அழுத்தத்தில் மூடியது, எது மூடவில்லை, எதை அழுத்திப் பார்க்க இயலவில்லை, அலைவரி எப்படி இருந்தது என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தன. மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள பகுதி தெரியவில்லை என்றும், உறைவின் மேல் எல்லையை அறிய வேண்டுமானால் சி.டி. வெனோகிராம் (சிரைகளைக் காட்டும் சி.டி. ஸ்கேன்) தேவைப்படலாம் என்றும் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. உறைவு ஆழ்சிரையில் இருக்கிறதா, தோலடிச் சிரையில் மட்டும் இருக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்வதும் முக்கியம். சிகிச்சையின் காலமும் தீவிரமும் அதைப் பொறுத்து மாறும்.

அழுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்டின் திறனைப் பற்றி 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உறைவு உள்ளவர்களில் 97 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தது என்றும், உறைவு இல்லாதவர்களில் 96 சதவீதத்தினரைச் சரியாக இல்லை என்று சொன்னது என்றும் கணக்கிட்டது. மிகச் சிறந்த எண்கள்தான். ஆனால் அதற்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அக்காவின் முதல் ஸ்கேன் நடந்த விதத்தைப் பார்த்த பிறகு, இந்த எண்களை எந்த மையத்தின் எந்த அறிக்கைக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவை முறைப்படி செய்யப்பட்ட பரிசோதனைக்கு உரியவை.

மாற்றுப் பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.டி. வெனோகிராம் எலும்புக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும். உறைவு, இதயத்துக்குள் செல்லும் மேற்பெருஞ்சிரை வரை நீண்டிருக்கிறதா, வெளியிலிருந்து கட்டி ஏதும் அழுத்துகிறதா என்பதும் தெரியும். கதிர்வீச்சும் அயோடின் கலந்த மருந்தும் அதன் விலை. எம்.ஆர். வெனோகிராமில் கதிர்வீச்சு இல்லை என்றாலும் நேரம் அதிகம், சில பழைய பேஸ்மேக்கர்களோடு செய்யவும் முடியாது. கையில் ஊசி போட்டு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பழைய வெனோகிராம்தான் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். வீங்கிய கையில் ஊசி போடச் சிரை கிடைப்பதே பெரும் பாடு என்பதால், இப்போது உறைவைக் கரைக்கவோ அகற்றவோ போகும்போதுதான் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள்.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல விரும்புவது, தோள் முழுவதும் திறக்க வசதியான உடையில் போக வேண்டும் என்பதே. இரண்டாவது மையத்தில் திரை மூடி, மேலே போர்த்திக்கொள்ள விரிப்பும் கொடுத்தார்கள்; முதல் இடத்தில் அக்கா கூச்சத்தோடே படுத்திருந்தாள். கையிலோ மார்பிலோ எப்போதாவது போர்ட், பிக் லைன், பேஸ்மேக்கர் இருந்திருந்தால், அது இப்போது எடுக்கப்பட்டிருந்தாலும், முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றக் கையையும் பார்ப்பீர்களா, காறை எலும்புக்கு மேலேயும் பார்ப்பீர்களா என்று கேட்பதில் தவறில்லை. இரண்டாவது இடத்தில் அந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடுதான் எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, முறைக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

ஸ்கேன் செய்தும் உறைவு இல்லை என்றால் வீக்கத்துக்கு என்ன காரணம் என்பதையும் நல்ல மையம் தேடித் தரும். நிணநீர் தேங்கிய வீக்கம், தோலுக்கடியில் தொற்று, தசைக்குள் இரத்தக் கசிவு ஆகியவை அதே திரையில் பல சமயம் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அன்றே தொடங்கப்பட்டது. குறைந்தது மூன்று மாதங்கள் எடுக்க வேண்டும், போர்ட் இருந்து சிகிச்சை தொடரும்வரை அதற்கு மேலும் நீளலாம் என்றார்கள். போர்ட் நன்றாக வேலை செய்கிறது, கீமோவுக்கு அது தேவையும்கூட என்பதால் அதை எடுக்கவில்லை. மருந்துக் காலம் முடியும்போது அதே ரேடியாலஜிஸ்ட்டிடமே மறு ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பழைய உறைவு சிரைச்சுவரில் தடிப்பாகத் தங்கிவிடுவது உண்டு. பின்னாளில் கை மறுபடி வீங்கினால், அது புதிய உறைவா பழைய தழும்பா என்பதைப் பிரித்தறிய அந்தப் படங்கள்தான் உதவும். அதனால் அறிக்கையோடு ஸ்கேன் படங்களையும் ஒரு குறுந்தட்டில் கேட்டு வாங்கி, அக்காவின் மருத்துவக் கோப்பில் சேர்த்திருக்கிறோம்.